தைத்துவிட்ட வெள்ளைத் துணி

பொட்டலத்தை அந்த மேசை மேல் வைத்தேன். மஞ்சள் பையில் சுற்றிய ஒரு வெள்ளை கோட். அதன் மேல் சில ரூபாய் நோட்டுகள், வாங்கியபோது எப்படி மடித்திருந்தனவோ அப்படியே மடித்து.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கல்லூரியின் ஆபீஸ் கிளார்க். நெற்றியில் காய்ந்துபோன சந்தனம். மின்விசிறிக் காற்றில் நோட்டுகள் பறக்கப் பார்த்தன. பழக்கதோஷத்தில் ஸ்டேப்ளரை எடுத்து அவற்றின் மேல் வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு பொட்டலத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

"இது எதுக்குங்க?"

"திருப்பிக் குடுக்கத்தாங்க வந்தோம். பொண்ணு சேரலைங்க. இதை எடுத்துக்கினு அவ சர்டிபிகேட்டைக் குடுத்துடுங்க."

"இதெல்லாம் நாங்க திருப்பி வாங்கறதில்லைங்க. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

என் கால் நடுங்க ஆரம்பித்தது. முட்டி போய் மேசைக் காலில் தட்டுகிற சத்தம் எனக்கே கேட்டது. பக்கத்தில் நின்றிருந்த என் அக்கா மகள் கலைச்செல்வி என் கையைப் பிடித்தாள்.

அவருக்கு அது ஒரு கோட். எனக்கு அது முன்பணம். முன்பணத்தைத் திருப்பி வாங்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், ஆளை விட மாட்டேன் என்று அர்த்தம். கரும்புக் காட்டில் கிடந்த எவனுக்கும் இது தெரியும்.

போன வாரம் இந்தத் தொடரில், போர் வண்டியோடு வடக்கே குழாய்க் கிணறு தோண்டிச் சுற்றியதையும், கை நசுங்கி ஊர் வந்து சேர்ந்ததையும் எழுதியிருந்தேன். வந்தவனுக்காக ஊரில் காத்திருந்தது இந்தப் பொட்டலம்தான். அதைச் சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மேஸ்திரி கொடுக்கும் காசு

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விட்ட வருஷமே கரும்பு வெட்டப் போனேன். எங்கள் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் இல்லாத வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள்.

வெட்டு தொடங்குவதற்கு முன்னால் ஆட்களைக் கூட்டிப் போகிற மேஸ்திரி தெருவுக்கு வருவார். வீட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுப்பார். அந்தப் பணத்தில்தான் கூரை மேய்வது, கல்யாணம் செய்வது, பழைய கடனை அடைப்பது எல்லாம். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. ரேஷன் கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய்த் தன் தகரப் பெட்டியில் வைத்துக்கொள்வார்.

அந்தப் பணத்துக்கு வட்டியும் கிடையாது. ஆள் காட்டில் நிற்கிறவரைக்கும் பணம் அப்படியே தூங்கும். ஆனால் பாதியில் கிளம்பினால் வாங்கியது முழுவதையும் வைக்க வேண்டும். வெட்டின கரும்பு கணக்கில் வராது.

பணம் என்றுகூட இல்லை. மேஸ்திரி கையால் ஒரு வேட்டி வாங்கிக்கொண்டாலும் வருகிறேன் என்று அர்த்தம். எங்கள் தெருவில் முனியன் என்று ஒருவர் இருந்தார். ஒரு வருஷம் உடம்பு முடியவில்லை, வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் அவர் மனைவி மேஸ்திரி கொடுத்த சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டுவிட்டாள். கட்டின சேலையை எப்படித் திருப்பிக் கொடுப்பது? காய்ச்சலோடு போனார். கரும்பின் காய்ந்த சோகையை எரித்த புகையில் இருமிக்கொண்டே வெட்டினார். பொங்கலுக்கு முன்னால் அவருடைய துணிமூட்டை மட்டும் திரும்பி வந்தது. அதன் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கரும்புச் சாறு புளித்த வாசனை.

இதில் எங்கள் ஆட்களுக்கு இருந்தது ஒரே ஒரு வழி. கணக்கு முடித்தும் மேஸ்திரி கார்டைக் கொடுக்கவில்லை என்றால், புது ஆட்கள் முன்பணம் வாங்க வருகிற நாளாகப் பார்த்து அவர் வீட்டு வாசலில் போய் உட்காருவது. வெட்டுக் கத்தியை முன்னால் தரையில் வைத்துவிட வேண்டும். சத்தம் போடக் கூடாது, திட்டக் கூடாது. யாராவது கேட்டால் மட்டும் விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் அக்கா வீட்டுக்காரர் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருக்கிறார். "மத்தியானச் சோத்துக்குள்ள கார்டு கைக்கு வந்துட்சி" என்று அதை அவர் சிரித்துச் சிரித்துச் சொல்வார். கலைச்செல்வி குழந்தையாக இருந்தபோது அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

காரில் வந்தவர்

அக்கா பச்சையம்மாவின் வீடு வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை எழும்புகிற இடத்தில். வாசலில் நின்றால் மலை முகத்தில் இடிக்கும்.

கலைச்செல்வி பன்னிரண்டாவது முடித்து மார்க் வந்திருந்த சமயம். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அப்பா காலில் வெட்டுக் கத்தி இறங்கிப் புரையோடிப் போனபோது, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா முகம் சுளிக்காமல் தினம் கட்டுப் பிரித்துக் கழுவியதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். அந்த அப்பா இப்போது கர்நாடகப் பக்கம் கரும்பில் இருந்தார். முன்பணம் வாங்கியிருந்ததால் வெட்டு முடியாமல் வர முடியாது.

அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றிருக்கிறது. தெருவில் அவரை அட்மிஷன் சார் என்றார்கள். ஏதோ ஒரு தனியார் நர்ஸிங் கல்லூரிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்.

"நாலு வருஷம் பி.எஸ்சி. நர்ஸிங்மா. இப்ப நீங்க ஒரு பைசா எடுக்க வேண்டாம். பேங்க் லோன் நாங்களே முடிச்சுக் கொடுத்துடுவோம். பொண்ணு வேலைக்குப் போய்க் கட்டிக்கும். முதல் மாசச் சம்பளம் வாங்கினதும் நீங்களே எனக்கு போன் பண்ணுவீங்க பாருங்க."

சொல்லிவிட்டு, கோட் தைக்க வெள்ளைத் துணியும் பஸ் செலவுக்கென்று கொஞ்சம் பணமும் கொடுத்தார். சரிபார்க்க வேண்டும் என்று கலைச்செல்வியின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். அக்கா அன்று சாயங்காலமே துணியைத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

நான் ஊர் வந்தபோது அந்த கோட் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மண் சுவருக்கு அது அவ்வளவு வெள்ளை.

"வாங்கிட்டியாக்கா?"

"வாங்கிட்டன்டா ஏழுமல."

"துணியாவே வெச்சிருக்கக் கூடாது?"

"எங்க! பொத்தான்கூட வெச்சுட்டான்."

"அப்ப போயித்தான் ஆவணும்."

"அதான் நானும் சொல்லிக்கினு இருக்கேன். இவ இன்னாடான்னா யோசிக்கணும்ன்றா. வாங்கித் தைச்சப்புறம் இன்னாடி யோசனை?"

அந்தக் கல்லூரி நல்லதா கெட்டதா என்று நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை. அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. தைத்த துணி சுவரில் தொங்கியது, எங்களுக்கு அவ்வளவுதான் கணக்கு.

கலைச்செல்வி அடுப்படியிலிருந்து சொன்னாள். "மாமா, இது கரும்பு இல்ல."

"எல்லாம் கரும்புதான் போ."

"அப்டின்னா மொதல்ல கடன் எவ்ளோ, சம்பளம் எவ்ளோன்னு ரெண்டும் தெரியணும். காட்டுக்குப் போறவங்ககூட டன்னுக்குக் கூலி இன்னான்னு கேட்டுட்டுத்தானே போறாங்க?"

கடனை முதலில் கேட்போம் என்று கிளம்பினோம்.

தூங்காத பணம்

கள்ளக்குறிச்சியில் ஒரு பேங்க். அக்கா, நான், கலைச்செல்வி மூன்று பேரும் போனோம். எனக்கு அப்போது ஏ.சி. அறை என்றாலே உடம்பு கூசும். வேலை பார்த்த இடங்களில் எங்களைத் திட்டுவதற்கு மட்டும்தான் அந்த மாதிரி அறைக்குள் கூப்பிடுவார்கள்.

அந்த ஆபீசர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். படித்து முடித்துக் கொஞ்ச காலம் கழித்துத் தவணை தொடங்கும் என்றார். அக்கா முகத்தில் நிம்மதி வந்தது. அடுத்த வார்த்தையில் போய்விட்டது.

"ஆனா வட்டி முதல் நாள்லேர்ந்தே ஓடும்மா."

"படிக்கிறப்பவா?"

"ஆமாம்மா."

"அதெப்டிங்க? புள்ளதான் அங்க நின்னுக்கினு இருக்குதே."

ஆபீசருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆள் காட்டில் நிற்கும்போது பணம் தூங்க வேண்டும், அது எங்கள் வழக்கம். நின்றுகொண்டிருக்கிற ஆளின் தலைக்கு மேலே வளர்கிற கடனை அக்கா அதுவரை பார்த்ததில்லை. நான் போர் வண்டி முதலாளிகளிடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் லாரியை இழந்ததையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் லாரி இருந்தது. இவளிடம் இவள்தான் இருக்கிறாள்.

"சலுகை ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கலைச்செல்வி கேட்டாள்.

"சிலருக்கு உண்டும்மா. நீ சொல்ற மாதிரி மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடைக்கிறது கஷ்டம். நான் ஆசை காட்ட விரும்பல."

கால்குலேட்டரைத் தட்டி, மாதா மாதம் கட்ட வேண்டிய தொகையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் பேனாவை எடுத்து அதைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பச்சை குத்துகிற மாதிரி இருந்தது என்று வெளியே வந்து சொன்னாள்.

சின்னசேலம் பஸ் நிறுத்தத்தில்

கடன் தெரிந்துவிட்டது. சம்பளம் தெரிய வேண்டும். அட்மிஷன் சாரைக் கேட்டால் அவர் சொல்வார். அவர் சொல்வதை நம்புவதற்கு நானே அந்த கோட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

கலைச்செல்வியின் டீச்சர் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். பெயர் ஸ்டெல்லா. மணலூர்பேட்டைப் பக்கம். அப்பா அம்மா கூலி வேலை. இதே மாதிரி லோன் போட்டு இதே படிப்பைப் படித்துவிட்டுச் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். லீவு முடிந்து திரும்புகிற வழியில் சின்னசேலத்தில் இறங்கி எங்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மரவள்ளி மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்கள் மேல் புகையை ஊதிவிட்டுப் போனது. ஸ்டெல்லா பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

நான் வளைத்துப் பேசத் தெரியாதவன். "சம்பளம் எவ்ளோம்மா வரும்?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இன்னாங்கண்ணே, மாப்ள பார்க்க வந்தா மாதிரி எடுத்ததுமே சம்பளத்தைக் கேக்கறீங்க?"

கலைச்செல்வி, அழிய அழிய எழுதி வைத்திருந்த தொகையோடு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

ஸ்டெல்லா மெல்வதை நிறுத்தினாள். அந்தக் கையைப் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தவணை இதைவிடக் கொஞ்சம் கம்மி. அதுவே கட்ட முடியல. சம்பளத்துல ஹாஸ்டல், சாப்பாடு, தவணை மூணும் போனா ஊருக்கு வர பஸ் காசுதான் மிச்சம். தங்கச்சி கேட்டான்னு ஒரு கொலுசு வாங்க ஒரு வருசமா பார்த்துக்கினு இருக்கேன்."

"பட்டம் படிச்சா ஜாஸ்தி குடுப்பாங்கன்னு சொன்னாரே அந்த சாரு?"

"எங்க வார்டுல டிப்ளமோ படிச்ச அக்கா ஒருத்தவங்க இருக்காங்க. அவங்களுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்தான். தூக்கற பெட்பேனும் ஒண்ணுதான். ஆனா ஒண்ணு, நான் பொய் சொல்லக் கூடாது. வெளிநாடு போவணும்னா பட்டம் இருந்தா நல்லது. என்கூடப் படிச்சவ ஒருத்தி போயி, ஒரே வருசத்துல லோனை முடிச்சுட்டா. வூடுகூடக் கட்றா."

"நீ போவலையாம்மா?"

"எப்டிங்கண்ணே போறது? ரெண்டு வருசம் நின்னாத்தான் குடுப்போம்னு ஒரிஜினலை ஆஸ்பத்திரியில வாங்கி வெச்சுக்கினாங்க."

டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். தகரப் பெட்டி. முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கள் கார்டு கிடந்த அதே தகரப் பெட்டி. இந்தப் பெண் நாலு வருஷம் படித்து, வெள்ளைத் துணி உடுத்தி, அதற்குள்ளேயே போய் விழுந்திருக்கிறாள்.

சேலம் பஸ் வந்தது. ஸ்டெல்லா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். படிக்கட்டில் நின்று திரும்பி, "படிக்காம இருந்துடாத. எங்க படிக்கிறன்னு மட்டும் பாரு" என்றாள்.

பஸ் போன பிறகு பார்த்தால் கலைச்செல்வியின் கையில் எண் இல்லை. வியர்வையில் கரைந்து நீலமாக ஈரம் மட்டும் இருந்தது.

"மாமா, கவர்மென்ட் கவுன்சிலிங்குக்குப் போட்டிருக்கேன். டிப்ளமோவுக்கும் போட்டிருக்கேன். கெடைக்குமான்னு தெரியாது. ஆனா கூப்ட்டா ஒரிஜினலோட போய் நிக்கணும்."

"ஒரிஜினல் அவன்கிட்ட இல்ல இருக்குது?"

"அதான் மாமா. வாங்கிக்கினு வரணும்."

வீட்டில் அக்காவிடம் சொன்னோம். "இதையும் வுட்டு அதுவும் கெடைக்கலைன்னா?" என்றாள். பிறகு அவளே, "அவங்க அப்பனோட கரும்புக்குத்தான் போவணும்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி சொன்னாள்.

மறுபடியும் அந்த மேசை

இப்படித்தான் அந்த ஆபீசில் போய் நின்றோம். கோட்டை அக்கா துவைத்து மடித்துக் கொடுத்திருந்தாள். ஒருமுறைகூட உடுத்தாத கோட் அது.

"துணி எங்களுக்கு எதுக்குங்க?" என்றார் கிளார்க். "சீட்டு உங்க பொண்ணு பேர்ல போட்டாச்சு. இப்ப வேணாம்னா அந்த சீட்டு வீணாப் போவுது. நாலு வருஷ ஃபீஸைக் கட்டிட்டு ஒரிஜினலை வாங்கிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க."

"சேரவே இல்லீங்களே?"

"ரூல்ஸ் அப்படிங்க. நான் இன்னா பண்றது?"

பாதியில் கிளம்பினால் முழுவதையும் வை. காட்டுக்குள் கால் வைக்காதவளிடமே கேட்கிறார்கள். காலில் விழுந்துவிடலாம் என்று குனியவே ஆரம்பித்தேன். அதற்குள் கலைச்செல்வி பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னால் போனேன்.

அவள் அழவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பொத்தான் எல்லாவற்றையும் கழுத்து வரைக்கும் மாட்டினாள். அட்மிஷன் நடக்கிற அறைக்கு வெளியே, புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் ஏறி வரும் படிக்கட்டுக்கு எதிரில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாடி பண்ற? வா போலாம்" என்றேன்.

"நீ அந்தாண்ட நில்லு மாமா."

வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், மகளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். கையில் பிளாஸ்டிக் கவர். வெள்ளை கோட்டைப் பார்த்ததும் கலைச்செல்வியிடம் வந்தார்.

"யம்மா, இங்கதான் படிக்கிறியா? காலேஜ் எப்டிம்மா?"

"நான் படிக்கலைங்க. சேரல. ஒரிஜினலைத் திருப்பி வாங்கறதுக்கு உக்காந்துக்கினு இருக்கேன்."

"ஏன், குடுக்க மாட்டேன்றாங்களா?"

"நாலு வருச ஃபீஸ் கட்டினா குடுப்பாங்களாம்."

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. அந்த மனிதர் கவரைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது அவள் அப்பா உட்கார்ந்த உட்காருதல். கத்தி இருக்க வேண்டிய இடத்தில் கோட் இருந்தது.

புரிந்ததும் பயம் இரண்டு மடங்கு ஆனது. மேஸ்திரி வாசலில் உட்கார்ந்தவன் பின்னால் ஒரு தெருவே நிற்கும். இங்கே இவள் பின்னால் நான் ஒருவன், அதுவும் கை நசுங்கினவன். திருட்டு கோட் என்று போலீஸைக் கூப்பிட்டால் என்ன செய்வது? சர்டிபிகேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு இல்லை என்றால் என்ன செய்வது? தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மலையிலிருந்து ஒரு அம்மா, கழுத்து நிறையப் பாசிமணியோடு, மகளோடு வந்தார். கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு உள்ளே போகாமல் கலைச்செல்வி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ வாங்கறியான்னு பார்த்துட்டு அப்புறம் போறேன்" என்றார்.

வாட்ச்மேன் வந்தார். "இன்னாம்மா இங்க? எழுந்திரு எழுந்திரு."

"நான் ஒண்ணும் சொல்லலைங்கண்ணே. கேட்டவங்களுக்குப் பதில் சொல்றேன். நீங்க கேட்டாலும் சொல்றேன்."

"எனக்கு இன்னாத்துக்கு? எனக்குத் தெரியாததா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வாசல் கேட் பக்கம் போய்விட்டார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டார்.

வெயில் படியேறி பெஞ்சுக்கு வந்தது. கோட்டுக்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கழற்றவில்லை. உள்ளே வரிசை கலைய ஆரம்பித்தது. "ஊர்ல கேட்டுட்டு வரோம் சார்", "அண்ணன் வரட்டும் சார்" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மாடி ஜன்னலில் ஒரு திரை விலகி மூடியது. அந்தத் திரையைப் பார்த்ததிலிருந்து எனக்கு மூத்திரம் முட்டியது. போகவும் பயம்.

கடைசியில் கிளார்க்தான் வந்தார். கையில் பழுப்புக் கவர். அதை அவள் மடியில் போட்டார்.

"எடுத்துட்டுக் கெளம்பும்மா. மொதல்ல எடத்தைக் காலி பண்ணு."

அவள் எழவில்லை. கவரைப் பிரித்து ஒவ்வொரு தாளாக எடுத்து, வெளிச்சத்தில் தூக்கி, முன்னும் பின்னும் பார்த்தாள். அவசரப்படவில்லை. கடைசித் தாளையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

கிளார்க்குக்குக் கோபம் தாங்கவில்லை. "கோட்டைக் கழட்டு. காலேஜ் துணி அது. அந்தப் பணத்தையும் வெச்சுட்டுப் போ."

அவள் கழற்றிக் கொடுத்தாள். நான் ஓடிப் போய் நோட்டுகளைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார்! என் கால் நடுக்கம் அந்த இடத்தில் நின்றது. என்னையும் அறியாமல் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். திட்டியவனை ஏன் கும்பிடுகிறான் என்று அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

இரண்டு பக்கமும் கரும்பு

திரும்பி வந்த பஸ்ஸில் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்பு ஆள் உயரத்துக்கு நின்றது.

"மாமா, அதுவும் கெடைக்கலைன்னா?"

"தெரியலடி."

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. எங்கள் பயத்தில் ஒரு சீட்டைக் கெடுத்துவிட்டோமோ என்றும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இருந்ததையும் விட்டாயிற்று.

அதற்கடுத்த நாட்களைப் போல நான் பயந்தது குழாய்க் கிணற்று வேலையில்கூட இல்லை. ஒரு நாள் காலையில் அக்கா மூலையில் கிடந்த பழைய வெட்டுக் கத்தியை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் தீட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கலைச்செல்வியும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பட்டப் படிப்புக்குக் கவுன்சிலிங்கில் கிடைக்கவில்லை. டிப்ளமோவுக்கு, தூரத்து ஊர் ஒன்றில் அரசாங்கப் பள்ளியில் இடம் கிடைத்தது. லோன் தேவைப்படவில்லை.

இன்று அவள் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பட்டம் வாங்கியவர்களோடு நின்று அதே வேலை, அதே சம்பளம். யாருக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க வந்தபோது பட்டம் இருக்கிறதா என்று கேட்டு அவளைத் தள்ளி நிற்க வைத்திருக்கிறார்கள். கூட வேலை பார்த்த இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். அதை அவள் போனில் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்தக் கோட்டோடு அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஸ்டெல்லாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பும் எனக்கு ஞாபகம் வருகிறது, வீடு கட்டுகிறாளே அந்தத் தோழியும் ஞாபகம் வருகிறாள். பயம் அப்போது சொன்னதைத்தான் செய்தோம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ பள்ளிக்கு அவளை அனுப்பும்போது, அங்கே வெள்ளை கோட் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா கள்ளக்குறிச்சி போய் நல்ல துணியாக வாங்கினாள். வாங்கியதை அப்படியே அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். தைக்கக் கொடு என்று நான் சொன்னேன், தெருவில் சொன்னார்கள், கலைச்செல்வியே சொன்னாள். அசையவில்லை. கலைச்செல்வி பழைய சுரிதாரோடுதான் போனாள்.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "யம்மா, சர்டிபிகேட்டெல்லாம் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். சாவி எங்கிட்டதான் இருக்கு."

அக்கா போனைக் கீழே வைத்துவிட்டுப் பானையைத் திறந்தாள். தெருக்கோடியில் தையற்காரர் வீடு. அளவு அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

"இன்னா பச்சையம்மா, புள்ள போயி ஒரு வாரம் ஆச்சு. இப்பத்தான் துணியைக் கொண்ணாறியா?"

அக்கா துணியை உதறி அவர் மேசை மேல் விரித்தாள். அரிசித் தவிடு பறந்தது.

"இப்ப வெட்டுங்கண்ணே" என்றாள்.